கோப்பில் ஒரு விளக்கு

"வெளிச்சத்துக்கு மட்டும் பணமே வராதா மேடம்?" என்று கேட்டார் ஆராவமுதன்.

அவர் பல்கலைக்கழகத்தின் மின்னியல் பேராசிரியர். கேட்கப்பட்டவர் நிதி அலுவலர் ஹாஜிரா. வயதில் அவருக்கு மகள் மாதிரி. ஆனால் பணம் என்று வந்துவிட்டால் வளாகம் முழுவதற்கும் அவர்தான் குரு.

வளாகமெங்கும் பழைய டியூப் லைட்டுகள். வகுப்பில் வாத்தியார் குரலைவிட அவற்றின் முனகல்தான் பலமாகக் கேட்கும். அத்தனையையும் கழற்றி எல்.இ.டி. போட வேண்டும், அதைப் பார்த்துவிட்டுத்தான் ஓய்வு பெற வேண்டும் என்பது ஆராவமுதனின் ஆசை. ஆண்டுதோறும் கேட்டார். ஆண்டுதோறும் 'நிதி இல்லை' என்று பதில் வந்தது.

இது கடைசி ஆண்டு.

ஹாஜிரா கோப்பை வாங்கினார். ஒரு சொல் எழுதினார். திருப்பிக் கொடுத்தார்.

விளக்கு.

ஆராவமுதன் படிக்கட்டில் நின்று அதைப் படித்தார். காது சூடாயிற்று. 'விளக்கவும்' என்றால் மரியாதை. 'விளக்குக' என்றால் பழங்கால மரியாதை. மொட்டையாக 'விளக்கு' என்பது, பெஞ்சு மேல் ஏற்றிய பையனிடம் கேட்பது.

இருந்தாலும் விளக்கினார். படங்களோடு, அட்டவணைகளோடு, அடிக்குறிப்புகளோடு விளக்கினார். அடிக்குறிப்புகளுக்கும் தனியாக ஒரு விளக்கம் வைத்தார்.

ஹாஜிரா அந்தக் கட்டைப் பிரிக்கவே இல்லை. பழைய பக்கத்தைத் தேடி எடுத்து, தான் எழுதிய சொல்லின் கீழே ஒரு கோடு இழுத்தார்.

"இதுதான் சார் வேணும்."

"இன்னுமா மேடம் விளக்கணும்?"

போன் அடித்தது. ஹாஜிரா எடுத்துப் பேச ஆரம்பித்துவிட்டார்.

கேன்டீனில் தமிழ்த்துறைப் பேராசிரியை பூங்கோதை, சாம்பாரில் ஊறிய வடையோடு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"சார், அந்தச் சொல்லுக்கு நீங்க ஒரு அர்த்தம்தான் எடுத்திருக்கீங்க."

"வேற என்ன இருக்கு?"

"எங்க வீட்ல விளக்கறதுன்னா பாத்திரம். யார் விளக்கறதுன்னு தினம் பட்டிமன்றம். நானும் அவரும் எதிரெதிர் அணி. நடுவர்தான் கிடைக்கலை."

"என்னைப் பாத்திரம் தேய்க்கச் சொல்றாங்களா?"

"பாத்திரம்னு எழுதலையே சார்."

ஆராவமுதன் காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். நேரே நூலகத்துக்குப் போனார். வாசிப்புக் கூடத்தில் நின்று, வாழ்க்கையில் முதல் முறையாக, விளக்கை எரிகிறதா என்று பார்க்காமல் எப்படி இருக்கிறது என்று பார்த்தார்.

மூடிகளுக்குள் செத்த ஈசல்கள். அவற்றின் மேல் தூசி. ஒன்றில் பல்லி முட்டை இட்டிருந்தது.

ஏணி வந்தது. வாளி வந்தது. பேராசிரியர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு ஏறினார். கீழே படித்துக்கொண்டிருந்தவர்கள் புத்தகத்தை மூடிவிட்டுத் துணி பிழிந்து கொடுத்தார்கள். ஒவ்வொரு வரிசையாகக் கூடம் வெளுத்துக்கொண்டே வந்தது.

"சார், கண்ணு கூசுது," என்றாள் ஒருத்தி. "பாதியை அணைச்சிடலாமா?"

ஏணி உச்சியில் சோப்பு நுரையோடு நின்ற ஆராவமுதனுக்குச் சட்டென்று கரண்ட் பில் நினைவுக்கு வந்தது.

அணைத்தார்கள். அப்போதும் பழையதைவிட வெளிச்சம் அதிகம்.

அந்தக் கூடத்தில் அவருடைய மாணவர்கள் ஆய்வுக்காக மாட்டிய தனி மீட்டர் ஒன்று இருந்தது. மாதம் முடிந்ததும் அதன் கணக்கை எடுத்துக்கொண்டு, லிஃப்ட்டுக்குக் காத்திராமல், படிகளில் ஓடினார்.

"விளக்கிட்டேன் மேடம்."

"எதை?"

"டியூப் லைட்டை. சோப்புப் போட்டு."

ஹாஜிரா பேனாவைக் கீழே வைத்தார்.

"சார், நான் உங்களை ஒருமையில எழுதுவேனா?"

"அப்போ அந்தச் சொல்?"

"அது கணக்குத் தலைப்பு. பணம் எந்தத் தலைப்புல வந்து எந்தத் தலைப்புல போகும்னு ஒரு கட்டம் இருக்கே, அதைக் காலியா விட்டிருந்தீங்க. 'விளக்கு'ன்னு நான் நிரப்பினேன். அந்தத் தலைப்புல ஒரு கணக்குத் தொடங்கச் சொல்லி நீங்க கேப்பீங்கன்னு பார்த்தேன். மூட்டை கட்டிக் கொண்டுவந்தீங்க."

பெயர்ச்சொல். ஆராவமுதன் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அப்போ நான் ஏணியில ஏறினது?"

"அதுக்கு நான் பொறுப்பில்ல." ஹாஜிரா மீட்டர் கணக்கைத் தன் பக்கம் இழுத்தார். படித்தார். புருவம் உயர்ந்தது. "கரண்ட் பில்லுல இவ்வளவு மிச்சமா? இது வழக்கமா எங்கே போகும்?"

"பொதுக் கணக்குக்கு."

"போனா?"

"போனதுதான். கார் ஷெட்டுக்குக் கூரை போடுவாங்க."

"இந்தத் தலைப்புல வச்சா?"

ஆராவமுதன் வாயைத் திறந்தார். எழுந்து நின்றார். மேசை மேலிருந்த மை டப்பாவை நடுவில் நகர்த்தினார்.

"இது நூலகம். இந்த மிச்சத்துல இங்கே எல்.இ.டி. போடறோம். பில் இன்னும் குறையும். அந்த மிச்சத்துல..." பேப்பர்வெயிட்டை இழுத்தார். "ஆய்வகம். ரெண்டுலயும் வர்ற மிச்சத்துல..." ஸ்டேப்ளர், பசை டப்பா, ஹாஜிராவின் கண்ணாடிக் கூடு எல்லாம் கட்டடங்களாயின. "மேடம், யார்கிட்டயும் போய் நிக்க வேண்டாம். வெளிச்சமே வெளிச்சத்தை வாங்கிக்கும்."

"கண்ணாடியை மட்டும் குடுத்துடுங்க."

கொடுத்தார். கொடுத்த கை அந்தரத்தில் நின்றது. மனதுக்குள் கூட்டிப் பார்த்துவிட்டார்.

"முழு வளாகமும் மாற ஏழெட்டு வருஷம் ஆகும்."

"ஆகும்."

"நான் மார்ச்சோட போறேன்."

"தெரியும் சார்."

ஹாஜிரா கையெழுத்துப் போட்டார். பிறகு, பேனாவைத் தாளிலிருந்து எடுக்காமலே கேட்டார்.

"நூலகத்துக்கு அடுத்தது எந்த இடம்? அதிக நேரம் எரியற இடமாச் சொல்லுங்க. அங்கேதான் மிச்சம் சீக்கிரம் சேரும்."

அதற்கு அவர் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. "மகளிர் விடுதி."

"எழுதிடவா?"

"எழுதுங்க, எழுதுங்க." சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. "ஆனா மேடம், அங்கே ஆம்பளைங்களை கேட்டைத் தாண்டி விடமாட்டாங்களே. எப்படி எரியுதுன்னு நான் பாக்கவே முடியாது."

"ஆமா சார்," என்றார் ஹாஜிரா, எழுதிக்கொண்டே. "பழகிக்கோங்க."