எட்டு மணிச் செய்திக்கு வருபவள்

கடலோர ஊர் ஒன்றின் கேபிள் சேனலில் மங்களேஸ்வரி பத்தொன்பது வருடமாகக் காலை எட்டு மணிச் செய்தி வாசித்து வந்தாள். மீன் கடையில் அவள் வாயைத் திறந்தாலே போதும், "நியூஸ் அக்கா வந்திருக்காக" என்று வழி விடுவார்கள். எந்தச் செய்தியானாலும் அவள் குரல் பிசிறாது. அதற்காகவே ஒரு சங்கத்தார் விழா எடுத்து அவளுக்கு விருது கொடுத்தார்கள்.

மறுநாளிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு அடைக்கலச் சாமியிடம் போனாள். சாமி ஒரு காலத்தில் அதே சேனலில் கேமராமேன். ஏழு வருடத்துக்கு முன்பு திடீரென்று வேலையை விட்டுவிட்டு, சவுக்குத் தோப்புக்குள் ஓலைக் கொட்டகை போட்டு உட்கார்ந்தவர். அவளைவிட நாலு வயது இளையவர். ஆனாலும் அவளுக்கு அவர்தான் குரு.

"சாமி, நான் வாசிக்கும்போது கேமராவுக்குப் பக்கத்துல ஒரு பொம்பளை வந்து நிக்கிறா."

"யாரு?"

"தெரியலை. வேற யார் கண்ணுக்கும் படலை. சேலை நனைஞ்சு சொட்டுது, தரையில ஈரம் இல்லை. வணக்கம் சொன்னதுல இருந்து நன்றி சொல்ற வரைக்கும் என் வாயையே பாக்குறா."

"கோபமாவா?"

"இல்லை. ஏதோ ஒரு செய்திக்குக் காத்திருக்கிற மாதிரி."

சாமி அவளுக்கு எதிரே வந்து உட்கார்ந்தார். கேமரா ஓடப்போகிறது என்று அந்தக் காலத்தில் சைகை காட்டியதுபோல மூன்று விரலை உயர்த்தி ஒவ்வொன்றாக மடக்கினார்.

"வாசிங்க. மூழ்கின படகு."

எந்தப் படகு என்று அவள் கேட்கவில்லை. தாள் இல்லாமலே வந்தது.

"புயலில் சிக்கிய விசைப்படகு கடலில் மூழ்கியது. அதில் சென்ற மீனவர்கள் ஐந்து பேரும் உயிரிழந்தனர்."

ஐந்து பெயரையும் வரிசையாகச் சொன்னாள். மூன்றாவது பெயர் சூசைராஜ்.

"சூசைராஜ் செத்துப்போனாரா?"

"இல்லை சாமி. மறுநாள் விடியக்காலம் அஞ்சு பேரும் வேற படகுல கரைக்கு வந்துட்டாக."

"அவரு சம்சாரம்?"

மங்களேஸ்வரி தலை குனிந்தாள். "நான் வாசிச்ச அன்னிக்கே கடலுக்குள்ள இறங்கிட்டா. முகத்தைக்கூட நான் பாத்ததில்லை." பிறகு அவசரமாகச் சொன்னாள், "ஆனா மறுநாளே தப்பைத் திருத்தி வாசிச்சேன் சாமி. வருத்தமும் தெரிவிச்சேன்."

"அதை அவ கேக்கலையே."

சவுக்கு மரங்கள் இரைந்துகொண்டிருந்தன. அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"அன்னிக்குக் கேமராவுல நீங்கதான நின்னீக?"

"நான்தான்."

"உங்ககிட்ட அவ வரலையா?"

"ஏழு வருஷமா இங்கதான் இருந்தா. போன மாசந்தான் எந்திரிச்சுப் போனா."

மங்களேஸ்வரி எழுந்து வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் ஒன்பது மணிக்கெல்லாம் மூச்சு வாங்க ஓடி வந்தாள். முகத்து மேக்கப்கூடக் கலைக்கவில்லை.

"சொல்லிட்டேன் சாமி. விளம்பரம் ஓடுற நேரத்துல அவளைப் பாத்துச் சொன்னேன். உன் வீட்டுக்காரரு உயிரோட வந்துட்டாரும்மான்னு."

"என்ன சொன்னா?"

"'எப்ப வந்தாக?'ன்னா. மறுநாள் காலையிலன்னேன். 'அப்புறம் ஏன் முந்தின நாளே செத்துட்டாகன்னு சொன்ன?'ன்னு கேட்டா."

"நீங்க?"

"மத்த சேனல்காரன் முந்திக்குவான்னுதான் சொன்னேன்னேன்."

"அதுக்கு அவ?"

"அதுக்கு மேல அவ எதுவும் கேக்கலை. நகர்ந்து போயி கேமராவுக்கு நேர் பின்னால நின்னுக்கிட்டா. லென்ஸைப் பாத்தா அவ கண்ணுதான் தெரியுது. பாதிச் செய்தியில எந்திரிச்சு வந்துட்டேன். இனிமே நான் யாரைப் பாத்து வாசிப்பேன் சாமி?"

"அவளைத்தான்."