உருண்டையின் தடித்த கோடு

"அறுந்த உறவு ஒட்டவே ஒட்டாது, அம்மா. அப்படியே ஒட்டினாலும் தடம் தெரியும்," என்றார் மாசிலாமணி.

ஆசிரமத்து வாசலில் அவருடைய தம்பி குணசீலன் காலையிலிருந்து நிற்கிறான். கல்யாணப் பந்தலில் நாலு பேர் பார்க்க அண்ணனைக் கைநீட்டி அடித்தவன். அன்றோடு பேச்சுவார்த்தை நின்றுபோனது. இப்போது மன்னிப்புக் கேட்க வந்திருக்கிறான். இன்று திருப்பி அனுப்பினால் இனி இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டான். அது அண்ணனுக்கும் தெரியும்.

குரு பொன்னரசி மாசிலாமணியைவிட வயதில் இளையவர். அவர் தம்பியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. மேசைமேல் இருந்த உலக உருண்டையை மாசிலாமணியின் முன் நகர்த்தி வைத்தார்.

"ஐயா, நீங்க பூகோள வாத்தியாரா இருந்தவர்தானே? இதுல எது எதுக்குன்னு சொல்லுங்க."

கேட்டதுதான் தாமதம். மாசிலாமணி தொண்டையைச் செருமிக்கொண்டார். கையில் பிரம்பு இல்லாததுதான் குறை.

"அடியில இருக்கிறது பீடம். ஆடாம நிக்கிறதுக்கு."

"சரி."

"இந்த வளைஞ்ச பட்டை உருண்டையைப் பிடிச்சுக்கிட்டிருக்கு. இதுல பாகை போட்டிருக்கு பாருங்க, ஊர் எவ்வளவு வடக்க, எவ்வளவு தெற்கன்னு அளக்கலாம். நடுவுல போற கம்பி அச்சு. பூமி மாதிரியே சாஞ்சிருக்கும்."

"இடுப்புல தடியா ஒரு கோடு?"

"பூமத்திய ரேகை. பூமியை ரெண்டாப் பிரிக்கிறது." சந்தேகமே இல்லாத குரல்.

"கண்ணை மூடிக்கிட்டு அதைத் தடவிப் பாருங்க."

இதென்ன சிறுபிள்ளை விளையாட்டு என்று நினைத்தபடியே தடவினார். விரலில் மெல்லிய மேடு தட்டுப்பட்டது. உருண்டையை முழுதாகச் சுற்றினார். மேடும் கூடவே வந்தது.

"ரெண்டு பாதியா செஞ்சு, இங்கதான் ஒட்டியிருக்காங்க," என்றார் பொன்னரசி.

மாசிலாமணி கண்ணைத் திறந்தார். எத்தனை வகுப்புகளுக்கு இதே போன்ற உருண்டையைத் தூக்கிக்கொண்டு போயிருப்பார்! ஒருநாளும் தடவிப் பார்த்ததில்லை.

"வடக்கையும் தெற்கையும் எங்கேர்ந்து எண்ண ஆரம்பிப்பீங்க, ஐயா?"

"இங்கேர்ந்துதான், அம்மா. இந்த ஒட்டுத்தான் பூஜ்யம்..."

விரல் அந்த மேட்டிலேயே நின்றது. உருண்டையைக் கையில் பிடித்திருப்பதே நினைவில்லாமல் எழுந்து வாசலுக்கு நடந்தார்.

"குணசீலா, வெயில்ல ஏண்டா நிக்கிற? உள்ள வா."