ஏழாவது கணக்கு

கழித்தல் கணக்கு மறக்காதவர்கள் காதைக் கொடுங்கள். மறந்தவர்கள் ஒரு துண்டுத்தாளோடு வந்து உட்காருங்கள்.

கரிசல் பக்கத்தில் ஒரு பள்ளி. நான்காம் வகுப்பில் ‘அ’ பிரிவு இன்பராஜ் சாருக்கு, ‘ஆ’ பிரிவு மரகதவல்லி டீச்சருக்கு. பிரிவுக்கு இருபத்துநான்கு பிள்ளைகள். பத்துக் கழித்தல் கணக்கு வைத்து, ஒவ்வொரு பிள்ளையும் எழுதிய விடையை ஆசிரியர் கல்வித்துறையின் கைபேசி ஆப்பில் ஏற்ற வேண்டும். ஆப் தன்னிடமுள்ள விடையை ஆசிரியர் பார்க்கும்படி பக்கத்தில் வைத்து, ஒப்பிட்டுப் பச்சையோ சிவப்போ காட்டும். சிவப்பு மிகுந்த பிரிவுக்கு இரண்டு மாதம் தனியாக ஒரு கணக்கு ஆசிரியர் வருவார். ஏற்பாடு நல்ல ஏற்பாடுதான், நடத்துகிறவர்கள் மனிதர்களாயிற்றே!

மரகதவல்லி பிள்ளைகள் எழுதியதை எழுதியபடியே ஏற்றினார். பட்டியல் சிவப்பாய்ச் சிவந்தது. இன்பராஜின் பட்டியலோ ஒரு பொட்டுக் குறையாமல் பச்சை.

தலைமையாசிரியர் சவரிமுத்து இருவரையும் கூப்பிட்டார்.

“ஒரே ஸ்கூல், ஒரே புத்தகம். உங்களுக்கு மட்டும் ஏன் டீச்சர் சிவப்பு? நாளைக்கு அதிகாரி வர்றார். மாத்திப் போடுங்க, இல்லேன்னா மெமோதான்.”

“மாத்தினா அந்தக் கணக்கு சார் வரமாட்டாரே! கடன் வாங்கிக் கழிக்கத் தெரியாமலே என் பிள்ளைங்க அஞ்சாங்கிளாஸ் போகணுமா?”

“ஒழுங்காச் சொல்லிக்கொடுத்தா வரும் டீச்சர்” என்று சிரித்தார் இன்பராஜ்.

மரகதவல்லிக்குக் கோபம் உச்சந்தலைவரை ஏறியது. மூன்று மாதம் தொண்டை வற்றக் கத்தியவர் அவர். இரண்டு பட்டியலையும் வெடுக்கென்று இழுத்து வரிவரியாகப் பார்த்தார். ஏழாவது கணக்கில் விரல் நின்றது: 503-இல் 268 போனால் மீதி என்ன? ஆப்பில் இருந்த விடை 245. இன்பராஜின் பிரிவில் இருபத்துநான்கு பேருக்கும் 245. மரகதவல்லியின் பிரிவில் ஆளுக்கொரு விடை. நாலு பேர் மட்டும் 235. அந்த நாலு பேருக்கும் சிவப்பு.

“சார், இந்த ஒரு கணக்கை நீங்களே போட்டுப் பாருங்க!”

சவரிமுத்து பென்சிலை எடுத்தார். போட்டு முடித்ததும் முகம் செத்துப்போயிற்று. இன்பராஜின் சிரிப்பைக் காணோம்.

நீங்களும் போட்டுப் பார்த்தீர்களா? அப்படியானால் சொல்லுங்கள்: பொய் எந்தப் பட்டியலில்? வரப்போகிற ஒற்றை ஆசிரியர் முதலில் எந்தப் பிரிவுக்குப் போவது நியாயம்?

விடை: மீதி 235. ஆப்பில் இருந்ததே தப்பு. ஒரு பிள்ளை தவறிப்போய் 245 எழுதலாம், இருபத்துநான்கும் எழுதுமா? இன்பராஜ் விடைத்தாளைப் பிரிக்கவே இல்லை, ஆப்பின் விடையை அப்படியே ஏற்றிவிட்டார். ஆசிரியரை முதலில் ‘அ’ பிரிவுக்கே அனுப்பச் சொன்னார் மரகதவல்லி. “என் பிள்ளைங்களுக்கு எது தெரியாதுன்னு எனக்காவது தெரியும். பாவம், இவர் பிள்ளைங்களுக்கு எது தெரியாதுன்னு இந்த உலகத்துல ஒருத்தருக்கும் தெரியாது!”