கரைக்குள் போன செங்காலி

டம் டம் டமடம். விடியற்காலை மூடுபனியில் ஒன்றும் தெரியவில்லை. தமுக்குச் சத்தம் மட்டும் ஏரியைச் சுற்றி வந்தது. பின்னாலேயே தவளையின் குரல்: "இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், இன்றிலிருந்து ஏரிக்கரைமேல் பெண் கால் படக் கூடாது! பட்டால் கரை உடையும்!"

அந்தக் காலத்தில் எல்லா உயிரும் பேசும். ஏரியும் அவை கட்டியதுதான். கட்டியது என்றால் யார்? கோடை முழுக்கச் சேறு சுமந்தது பெண் நண்டும் பெண் ஆமையும். ஆண்கள் மேட்டில் நின்றுகொண்டு "இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம் போடு" என்றார்கள். அப்போது யார் கால் பட்டும் கரை உடையவில்லை.

மடை கொக்கின் பொறுப்பில் இருந்தது. அது திறக்காமலே வைத்திருந்ததால், மடைத் தண்ணீரை நம்பிக் கரைக்குக் கீழே இருந்த குட்டை வற்றியது. அங்கேதான் செங்காலி என்ற பெண் நண்டின் குஞ்சுகள் சேற்றில் ஒட்டித் துடித்தன.

அவள் கரையடியில் நின்று கத்தினாள். "மடைக்காரரே, கொஞ்சம் திறந்துவிடுங்க. பிள்ளைங்க சாகுதுங்க."

"கூட்டம் போட்டுத்தாம்மா முடிவு பண்ணணும்," என்றது கொக்கு.

"இப்பவே போடுங்க. நானும் வந்து சொல்றேன்."

"கூட்டம் கரைமேல நடக்குது. நீதான் ஏறக் கூடாதே!"

கரைமேல் அவள் புருஷனும் உட்கார்ந்திருந்தான். "யோவ், உன் பிள்ளைங்கதானே? வாயைத் திறயேன்யா!"

"பெரியவங்க பேசுறப்ப நடுவுல எப்படிடி..." அவன் இரண்டு கண்ணையும் மடக்கிக்கொண்டான்.

கொக்கின் பார்வை குட்டையிலேயே இருந்தது. வற்றின குட்டையில் மீன் பொறுக்குவது எவ்வளவு சுலபம்! அதன் தொண்டை ஏறி இறங்கியதைச் செங்காலி பார்த்துவிட்டாள்.

"கரைமேல ஏறத்தானே கூடாது?"

"ஆமா. அதான் கட்டுப்பாடு."

"சரி."

அவள் கரைக்குள் போனாள். அவள் சுமந்து அடுக்கிய மண். எங்கே இறுக்கம், எங்கே இளக்கம் என்று அவளுக்கா தெரியாது? கொடுக்கு தேயத் தேயக் குடைந்தாள். வெயில் உச்சிக்கு வருமுன் தண்ணீர் பீறிட்டுக் குட்டைக்கு ஓடியது. பாதிக் குஞ்சுகள் பிழைத்தன. மீதியைக் கொக்கு ஏற்கெனவே பொறுக்கியிருந்தது.

"கரையை உடைச்சிட்டா! பொம்பளை புத்தி!" மேலே ஒரே கூச்சல். ஓட்டையை அடைக்க வேண்டும். கூச்சல் போட்டவர்களில் ஒருவருக்கும் மண் சுமந்து பழக்கமில்லை. பெண் ஆமையைக் கூப்பிட்டார்கள்.

"கரையில கால் வைக்கலாமா?" என்று கேட்டாள் அவள்.

"வேலைக்குன்னா வைக்கலாம்," என்றது கொக்கு.

பெண் ஆமை கரைமேல் ஏறினாள். மண்ணைக் கொட்டி அடைத்தாள், இறுக்கி மிதிக்கவில்லை.

நண்டு கரையிலும் வரப்பிலும் வளை போடத் தொடங்கியது அன்றைக்குத்தான். எத்தனை அடைத்தாலும் பக்கத்தில் இன்னொன்று முளைக்கும். நண்டைத் திட்டுகிறோம். மடையை மூடி வைத்தவனை யார் கேட்கிறோம்?

செங்காலி, பிழைத்த குஞ்சுகளை வயிற்று மடிப்பில் சேர்த்துக்கொண்டு, அடுத்த உருண்டை ஈர மண்ணை வெளியே தள்ளினாள்.