கோப்பைத் திறக்க நான்காவது வழி

பவானியிலிருந்து அந்தியூர் செல்லும் சாலையில், ஓர் உரக்கடையின் மாடியில், குருதிக்கொடைச் சங்கம் ஒன்று இயங்கிவந்தது. இரண்டு கணினிகள், ஒரு தொலைபேசி, சுழலும்போதெல்லாம் முனகுகின்ற ஒரு மின்விசிறி. இவையே அதன் ஆஸ்தி.

சங்கத்தை நடத்திவந்த பூங்கோதைக்கு வயது முப்பத்தொன்று. அவரிடம் பாடம் கேட்க வந்த சென்னியப்பனுக்கோ ஐம்பத்தொன்பது. தனியார் பேருந்தில் முப்பதாண்டுகள் நடத்துநராக இருந்தவர். நெரிசலில் நீந்தியபடியே சீட்டுக் கிழித்துப் பழகிய விரல்கள், ஓய்வுக்குப் பிறகும் சும்மா இருக்க மறுத்தன.

கொடையாளர்களின் பெயர்கள் ஊருக்கொன்றும் இரத்த வகைக்கொன்றுமாகத் தனித்தனிக் கோப்புகளில் இருந்தன. அந்தியூர்ப் பக்கத்துக் கோப்புகளைச் சென்னியப்பனிடம் ஒப்படைத்தார் பூங்கோதை. பவானிப் பக்கத்துக் கோப்புகளைத் தம்மிடம் வைத்துக்கொண்டார்.

முதல் வாரம் முழுவதும் சென்னியப்பன் சுட்டியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு கோப்புறையாக ஏறி இறங்கினார்.

"டீச்சரம்மா, இது டவுன் பஸ்ஸுங்க. எல்லா ஸ்டாப்புலயும் நிக்குது. பாயின்ட் டு பாயின்ட் ஏதாச்சும் இருக்குதுங்களா?"

"டீச்சரம்மான்னு கூப்பிடாதீங்கண்ணா, சிரிப்பு வருது" என்ற பூங்கோதை, கண்ட்ரோலையும் ஓ-வையும் சேர்த்து அழுத்திக் கோப்பின் பெயரை எழுதக் கற்றுக்கொடுத்தார்.

மறுவாரம் சென்னியப்பன் மீண்டும் கேட்டார். விண்டோஸ் பொத்தானை அழுத்திப் பெயரில் நாலெழுத்தைத் தட்டினாலே போதும், மீதியைக் கணினியே கண்டுபிடித்துவிடும் என்று பூங்கோதை காட்டினார். சென்னியப்பன் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்துப் பழகினார். மூன்றே விநாடியில் கோப்பு திறந்தது.

"இதையும் விட வேகமா ஒரு வழி இருக்குதுங்களா?"

"இருக்குதுங்கண்ணா. தினமும் உங்க கண்ணு முன்னாலதான் செஞ்சிட்டிருக்கேன்."

நான்கு நாட்கள் கண்கொட்டாமல் பார்த்தார் சென்னியப்பன். புதிதாக ஒன்றும் அகப்படவில்லை. பூங்கோதை காலையில் வருவார். அவருடைய கோப்புகள் திரையில் வரிசையாக விரிந்தே கிடக்கும். நாலைந்து பேரைத் தொலைபேசியில் அழைப்பார். "பாப்பாவுக்குக் காய்ச்சல் விட்டுருச்சுங்களா?" "எருமை கன்னு போட்டுதுங்களா?" பேசி முடித்ததும் அவரவர் பெயருக்குக் கீழே ஒரு வரி தட்டுவார். யாரிடமும் ஒரு சொட்டு இரத்தம் கேட்டதில்லை.

வேலை நேரத்தில் இதென்ன ஊர்க்கதை என்று சென்னியப்பன் உள்ளுக்குள் முகம் சுளித்தார்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குத் தொலைபேசி ஒலித்தது. அந்தியூரில் ஒரு மருத்துவமனை. பிரசவத்தில் ஒரு பெண்ணுக்கு இரத்தப்போக்கு நிற்கவில்லை. ஏ நெகட்டிவ் வேண்டும், ஒரு மணி நேரத்துக்குள். பேசிய கணவனின் குரல் பாதியிலேயே உடைந்தது.

சென்னியப்பனின் விரல்கள் பாய்ந்தன. மூன்று விநாடி. அந்தியூர் ஏ நெகட்டிவ் கோப்பு. ஐந்து பெயர்கள். 'பார்த்தீர்களா' என்று திரும்பிச் சொல்லக்கூட மனம் துடித்தது.

முதல் எண்ணை இப்போது வேறு யாரோ வைத்திருந்தார்கள். இரண்டாமவர் திருப்பூருக்குக் குடிபோய் ஆறு மாதமாகிவிட்டது. மூன்றாமவர் போன வாரந்தான் கொடுத்திருந்தார். நான்காமவர் எடுக்கவில்லை. ஐந்தாமவர், "யாருங்க நீங்க? என் நம்பரு எப்படிக் கெடச்சுது?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

கடிகாரத்தில் பத்து நிமிடங்கள் கரைந்திருந்தன.

"ஒரிச்சேரி குமரேசனைக் கூப்பிடுங்கண்ணா" என்றார் பூங்கோதை, இருந்த இடத்திலிருந்தே. "நம்ம பவானிப் பக்கத்து ஏ நெகட்டிவ். நேத்துதான் பேசினேன். மகளுக்குக் காதுகுத்துன்னு லீவு போட்டு வீட்டுலதான் இருக்காரு. கொடுத்து அஞ்சு மாசமாச்சு. பைக்கும் இருக்குது." எண்ணையும் மனப்பாடமாகவே சொன்னார்.

முதல் மணியிலேயே குமரேசன் எடுத்தார்.

"பூங்கோதையக்கா ஆபீசுங்களா? சொல்லுங்க, எங்க வரோணும்?"

வேறொன்றும் அவர் கேட்கவில்லை.

பிற்பகல் இரண்டு மணிக்கு அந்தக் கணவன் மறுபடியும் அழைத்தான். தாயும் பிழைத்தாள், பிள்ளையும் நலம். சொல்லிவிட்டு அழுதான். சென்னியப்பன் தொலைபேசியை மெல்ல வைத்தார். கைக்கடிகாரத்தை எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

"டீச்சரம்மா."

"சொல்லுங்கண்ணா."

"நான் உங்களையேதானுங்க பாத்துட்டிருந்தேன். உங்க விரலு கீபோர்டுல ஒரு கட்டையைக்கூடத் தொடலை. குமரேசன் பேரு இருந்த கோப்பை எப்படித் திறந்தீங்க?"

பூங்கோதை தம் டம்ளரிலிருந்த தேநீரில் பாதியை அவருடைய டம்ளருக்கு மாற்றி, அருகே நகர்த்தி வைத்தார்.

"நான் எங்கங்கண்ணா திறந்தேன்? மூடினாத்தானே திறக்கோணும்."