நெட்டையனை அளந்த கதை

ஒரு காட்டில், குழந்தைகளே, ஒரு பந்து விளையாட்டு இருந்தது. அடி இல்லாத ஈச்சங்கூடை ஒன்றை மருத மரத்தின் உயரமான கிளையில் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். தேங்காய் நாரை உருட்டிக் கட்டிய பந்தை அதற்குள் போட வேண்டும். எந்த அணி அதிகம் போடுகிறதோ அதற்கே வெற்றி.

வெறும் விளையாட்டுதானே என்று நினைத்துவிடாதீர்கள். கோடைக்காலத்தில் அந்தப் பக்கத்தில் ஒரே ஒரு குளத்தில்தான் தண்ணீர் இருக்கும். கோடை தொடங்கும் நாளில் அந்தக் காட்டின் இரு பகுதிகளான மேட்டுக்காடும் பள்ளக்காடும் மோதும். வென்ற காட்டார் முதலில் குடிப்பார்கள். தோற்றவர்களுக்கு அவர்கள் கலக்கிவிட்டுப் போன சேறுதான் மிச்சம்.

போன கோடையில் பள்ளக்காடு தோற்றுப்போனது. அந்த அணியின் தலைவர் கரடி. அவருடைய இரண்டு குட்டிகளும் சேற்றுத் தண்ணீரைக் குடித்து வயிற்றுப்போக்கு வந்து படுத்துவிட்டன. பிழைத்ததே பெரிது. இந்த முறை எப்படியாவது ஜெயிக்க வேண்டும் என்று கரடி உறுதியாக இருந்தார். ஆனால் யார் எதைச் சொன்னாலும் நம்பிவிடுவார். அதுதான் அவரிடம் இருந்த கோளாறு.

அந்தச் சமயத்தில் வழி தவறிய ஓர் இளம் ஒட்டகச்சிவிங்கி பள்ளக்காட்டுக்கு வந்து சேர்ந்தான். எல்லாரும் அவனை நெட்டையன் என்று கூப்பிட்டார்கள்.

"மாமா, நானும் ஆட்டத்துல சேர்ந்துக்கலாமா?" என்று அவன் கரடியிடம் கேட்டான்.

கரடிக்கு வாயெல்லாம் பல். "பார்த்தா நல்ல உயரமாத்தான் தெரியறே. வா, வா" என்று பந்தைக் கையில் எடுத்தார்.

நரி குறுக்கே வந்து நின்றது. எல்லாம் தனக்குத்தான் தெரியும் என்று நினைப்பது நரி.

"பொறுங்க அண்ணே. கண்ணால பார்த்து ஆள் எடுக்கிற காலமெல்லாம் போச்சு. முறைப்படி அளந்து பார்த்துத்தான் எடுக்கணும்."

அளப்பதற்கு அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. வளரும் பிள்ளையைத் தொட்டு அளந்தால் வளர்ச்சி நின்றுவிடுமாம். அதனால் தரையில் விழும் நிழலைத்தான் அளப்பார்கள். இப்படிப் பல தலைமுறைகளாக அளந்தும், யார் எவ்வளவு உயரம் என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது.

மறுநாள் விடிந்ததும் நரி போய் அளந்துவிட்டு வந்தது.

"அண்ணே, அவன் நிழல் மைதானத்தைத் தாண்டி, புதரைத் தாண்டி, என் வளை வரைக்கும் நீண்டு கிடக்குது. பனைமரமே அவன்கிட்ட தோத்துடும்."

கரடி சந்தோஷத்தில் இரண்டு சுற்றுச் சுற்றினார்.

முயலுக்கு எதிலும் அவசரம். உச்சி வெயிலில் ஓடிப்போய், ஒரு பார்வை பார்த்துவிட்டு, மூச்சிரைக்க ஓடி வந்தது.

"நரி சொன்னது சுத்தப் பொய் அண்ணே. நிழல் அவன் காலடியிலேயே சுருண்டு கிடக்குது. என் காது உயரம்கூட அவன் தேற மாட்டான்."

ஆந்தை பொழுது சாய்ந்த பிறகுதான் கண் விழிக்கும். அது நிதானமாகப் பறந்து போய், நிதானமாகத் திரும்பி வந்தது.

"நான் நல்லாத் தேடிப் பார்த்துட்டேன். அவனுக்கு நிழலே கிடையாது. அப்படி ஒருத்தன் இருக்கானான்னே எனக்குச் சந்தேகமா இருக்கு."

கரடி தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"காலையில பனைமரம், மத்தியானம் முயல், இருட்டினா ஆளே இல்லை. வந்திருக்கிறது ஒருத்தனா, மூணு பேரா?"

"மறுபடியும் அளந்துடுவோம்" என்றது நரி.

மறுபடியும் அளந்தார்கள். அன்று வானம் மூடியிருந்தது. காலையிலும் நிழல் இல்லை, மத்தியானமும் இல்லை. ஆந்தை மட்டும் எல்லாரையும் பெருமையாகப் பார்த்தது. கரடிக்குச் சோறும் இறங்கவில்லை, தூக்கமும் வரவில்லை.

நெட்டையன் தினமும் மைதானத்தின் ஓரத்தில் வந்து நிற்பான். "மாமா, ஒரே ஒரு தடவை என்கிட்ட பந்தைப் போடுங்களேன்" என்று கேட்பான்.

"இருடா கண்ணு. இன்னும் அளந்து முடியலை. நிழல் ஒழுங்கா விழற மாதிரி அசையாம நில்லு" என்பார் கரடி. அவனும் பாவம், அசையாமல் நிற்பான்.

போட்டிக்குக் கொஞ்ச நாளே இருந்தது. அப்போது முயல் ஒரு கேள்வி கேட்டது.

"அண்ணே, போட்டி எப்ப நடக்குது?"

"உச்சி வெயில்ல."

"அப்ப உச்சி வெயில்ல எடுத்த அளவைத்தானே நாம பார்க்கணும்?"

நரியே ஆமாம் என்று தலையாட்டியது. இத்தனை நாள் குழப்பத்துக்குப் பிறகு ஒரு முடிவு கிடைத்ததே என்று கரடிக்கு உயிர் வந்தது. உடனே நெட்டையனைக் கூப்பிட்டார்.

"தம்பி, காலையில ஆட்டம்னா முதல் ஆளா உன்னைத்தான் எடுத்திருப்பேன். மத்தியான ஆட்டத்துக்கு நீ ரொம்பக் குட்டை. மனசுல வெச்சுக்காதே."

நெட்டையனுக்கு ஒன்றும் புரியவில்லை. குனிந்து தன் கால்களைப் பார்த்தான். அழுதுகொண்டே குளக்கரைப் பக்கம் நடந்தான்.

அங்கே மேட்டுக்காட்டு அணி விளையாடிப் பழகிக்கொண்டிருந்தது. அதன் தலைவி காட்டெருமை. அதிகம் பேச மாட்டாள்.

"ஏன்டா அழறே?"

"நான் மத்தியானத்துல குட்டையாம், அத்தை."

காட்டெருமைக்கு அது விளங்கவில்லை. விளக்கம் கேட்கவும் அவள் நிற்கவில்லை. "இதைப் பிடி" என்று பந்தை அவன் பக்கம் எறிந்தாள். பந்து அவன் மூக்கில் பட்டுக் கீழே விழுந்தது.

"பரவாயில்லை. நாளைக்கும் வா" என்றாள்.

மறுநாளும் பந்து கீழேதான் விழுந்தது. ஒருநாள் அவன் நெற்றியில் சற்று நேரம் நின்றது. அப்புறம் ஒருநாள் கூடைக்குள்ளேயே விழுந்தது.

போட்டி நாள் வந்தது. உச்சி வெயில் கொளுத்தியது. மேட்டுக்காட்டு அணியில் நெட்டையனைக் கண்டதும் முயல் விழுந்து விழுந்து சிரித்தது. ஆட்டம் தொடங்கியது. நெட்டையன் கழுத்தை நீட்டி, நெற்றியால் பந்தைத் தள்ளித் தள்ளிக் கூடைக்குள் போட்டான். பள்ளக்காட்டார் எவ்வளவு எகிறிக் குதித்தும் அவன் கழுத்துக்குப் பாதி கூட எட்டவில்லை.

கரடி ஆட்டத்தை விட்டுவிட்டுத் தரையைப் பார்த்தார். நிழல் முயல் சொன்ன அளவுதான் இருந்தது. அண்ணாந்து பார்த்தார். மறுபடியும் தரையைப் பார்த்தார். அதற்குள் இன்னொரு பந்து கூடையில் விழுந்துவிட்டது.

பள்ளக்காடு தோற்றது. மேட்டுக்காட்டார் ஆரவாரமாகக் குளத்தில் இறங்கினார்கள். கரடி தன் குட்டிகளோடு கரையில் காத்திருந்தார். தண்ணீர் குடித்துவிட்டு நெட்டையன் அந்த வழியாக வந்தான்.

"ஏன்டா, இவ்வளவு நல்லா ஆடுவேன்னு என்கிட்ட ஏன் சொல்லலை?" என்று கரடி கேட்டார்.

"எனக்கே தெரியாதே, மாமா. நீங்க ஒரு தடவை பந்தைப் போட்டிருந்தா, நம்ம ரெண்டு பேருக்கும் தெரிஞ்சிருக்கும்."

கரடி கலங்கிக் கிடந்த குளத்தைப் பார்த்தார். சின்னக் குட்டி அவர் காலைச் சுரண்டியது.

"அப்பா, தாகமா இருக்கு. தண்ணி எப்ப தெளியும்?"

நீதி: ஒருவரால் முடியுமா முடியாதா என்று அறிய, அவரிடம் வேலையைக் கொடுத்துப் பார்.