வேரோடு எடுத்த செடி

“அம்மா, செத்துப்போனவங்க பேரை ஒரு செடிக்கு வைக்கலாமா?”

கேட்டவன் திருமேனி. கண்டம் முழுவதிலுமுள்ள செடிகொடிகளையெல்லாம் தேடிப்பிடித்து, உலர்த்தி, தாளில் ஒட்டிப் பெயர் குறிக்கும் கூடம் அது. அங்கே கடைசியாக வந்து சேர்ந்த சீடன் அவன்தான். வயதில் குரு சாராளுக்கு அண்ணன் மாதிரி.

“யார் பேரு?”

“கோமளம். என் வீட்டுக்காரி. பிள்ளைகுட்டி இல்லம்மா. எனக்கப்புறம் அவ பேரைச் சொல்ல ஆள் வேணாமா?”

“செடி எங்கே?”

திருமேனி தாளை விரித்தான்.

மணி போல ஊதாப் பூ. நரை படர்ந்த இலை. முற்றிய காய். வேர்நுனிகூட அறுபடவில்லை. இப்படியொரு செடியை அந்தக் கூடம் கண்டதேயில்லை.

சீடர்கள் மொய்த்துக்கொண்டார்கள். ஒருவன் அச்சு அசலாகச் சாராளின் குரலில், “தள்ளி நில்லுங்கப்பா, தும்முனா இலை பறந்துடும்!” என்றான்.

திருமேனிகூடச் சிரித்துவிட்டான். கோமளம் போன பிறகு அவன் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

சாராள் சிரிக்கவில்லை.

“நல்லா எடுத்திருக்கீங்க. பக்கத்துல இன்னும் நிக்குதா?”

“மலை பூரா சல்லடை போட்டுச் சலிச்சுட்டேன்மா. வேற எங்கயும் இல்ல. இது ஒண்ணுதான்!”

“ஒண்ணுதான்” என்றாள் அவளும்.

அவள் வாயில் கேட்ட பிறகுதான் அவனுக்குச் சுருக்கென்றது. தாளின் மேல் குனிந்தான்.

“காய் இருக்கேம்மா! உள்ளே விதை இருக்குமே. நாளைக்கே கொண்டுபோய் அதே இடத்துல ஊன்றிடறேன்…”

“பூச்சி அரிக்காம இருக்க விஷம் பூசினீங்களா?”

அந்தக் கூடத்தில் முதல் நாளே சொல்லித்தரும் பாடம் அது.

“பூசினேம்மா.” குரல் உள்ளே போயிற்று. “நீங்க சொன்ன மாதிரியே. காய்க்குள்ளேயும் இறங்கட்டும்னு முக்கி எடுத்தேன்.”

இந்த முறை யாரும் யார் குரலிலும் பேசவில்லை.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. மலை மறைந்துவிட்டது.

“பேரை எழுதுங்க” என்றாள் சாராள்.

எழுதினான். எழுத்து முத்து முத்தாக விழுந்தது. கோமளம்.

“அதுக்குக் கீழே, வாழும் இடம்.”

திருமேனி பேனாவைப் பிடித்தபடி ஜன்னலைப் பார்த்தான். மலை இருந்த திசையையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

சாராள் எழுந்துபோய், உலர்ந்த செடித்தாள்களை அடுக்கும் அலமாரியின் கதவைத் திறந்து வைத்தாள்.